பூத்தையலை இணையவழிச் சிறுதொழிலாக மாற்றுவது: விலை, வரி, அஞ்சல் குறித்து ஆலோசனை வேண்டும்

கேள்வி | ஊசிநூல்

அனைவருக்கும் வணக்கம். நான் மேட்டுப்பாளையத்தில் வசிக்கிறேன். பள்ளிப் பருவத்தில் பாட்டியிடம் காம்புத் தையலும் சங்கிலித் தையலும் கற்றுக்கொண்டேன். திருமணத்திற்குப் பின் இடையில் விட்டிருந்த அந்தப் பழக்கத்தை, மகன் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிறகு மீண்டும் எடுத்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை செய்தவை பெரும்பாலும் அன்பளிப்புகள்தாம்: மர வளையத்தில் மணமக்களின் பெயரும் திருமண நாளும் பூக்கொடியும் வைத்துத் தைத்த சுவர் அலங்காரங்கள், தலையணை உறைகள், குழந்தைகளின் சட்டைக் காலர்கள்.

சென்ற மாதம் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் எட்டங்குல வளையம் ஒன்றைக் கேட்டு வாங்கி, நான் மறுத்தும் கேளாமல் 600 ரூபாய் கொடுத்துச் சென்றார். அதன்பின் அவர் மூலமாக நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். இதை இன்ஸ்டாகிராம் வழியாக ஒரு சிறுதொழிலாகச் செய்யலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் ஆசை இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது.

நான் எழுதி வைத்திருக்கும் கணக்கு இது: வளையம் 90 ரூபாய், துணி 40, நூல் 60, பின்புறம் ஒட்டும் ஃபெல்ட் 20, அட்டைப்பெட்டி 45, ஆக 255 ரூபாய். தைப்பதற்கு மட்டும் 11 மணி நேரம் ஆகிறது. 600 ரூபாய் என்பது சரியான விலையா, அதைவிடக் கூட்டினால் யாராவது வாங்குவார்களா என்பது முதல் கேள்வி. இரண்டாவதாக, வெளி மாநிலத்தாருக்கு அனுப்ப ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்று ஒருவரும், வேண்டாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். மூன்றாவது கேள்வி ஊரைச் சார்ந்தது. நீலகிரிக்குச் சென்றுவந்தபோது தோடர் பூவேலைப்பாட்டைப் பார்த்து, கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் இழை எண்ணி அதைப் போலவே தைக்கப் பழகியிருக்கிறேன். கைப்பைகளில் அதை வைத்து விற்றால் நன்றாகப் போகும் என்று தோன்றுகிறது. அது முறையாகுமா?

அனுபவம் உள்ளவர்கள் தங்கள் கருத்தை, கசப்பாக இருந்தாலும், எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1 | சேலத்துச் சித்தி

வணக்கம் தங்கை. ஏழு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே தைத்து விற்கிறேன். கசப்பாக இருந்தாலும் எழுதச் சொன்னதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

600 ரூபாயில் பொருட்செலவு போக உங்களுக்கு நின்றது 345 ரூபாய். அதைப் பதினோரு மணி நேரத்தால் வகுத்து, மணிக்கு 31 ரூபாய் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெயரை எந்த எழுத்துருவில் வைப்பது என்று அவரிடம் பேசிய நேரம், தாளில் வரைந்து துணியில் படியெடுத்த நேரம், பின்புறம் சுருக்கிக் கட்டி ஃபெல்ட் வைத்து மூடிய நேரம், பெட்டி கட்டிய நேரம், இனிமேல் அஞ்சலகத்தில் வரிசையில் நிற்கப்போகும் நேரம் ஆகிய எல்லாம் சேர்ந்தால் பதினான்கு மணி நேரத்திற்குக் குறையாது. அப்படியானால் மணிக்குக் கிடைத்தது 25 ரூபாய்க்கும் குறைவு. மணிக்கு 80 ரூபாயாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கூலி 1,120, பொருள் 255, மொத்தம் 1,375 ரூபாய். கறைபட்டு வீணாகும் துணி, உடையும் வளையம், திரும்பி வரும் பொதி ஆகியவற்றுக்கும் சிறிது ஒதுக்கினால் 1,500 ரூபாய்க்குக் கீழே அதை விற்கக் கூடாது.

1,500 ரூபாய் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாதத்திற்கு ஒருவர் அல்லது இருவர்தாம். எனவே அந்த வளையத்தை உங்கள் கடையின் முகப்பில் மாட்டி வையுங்கள். நாள்தோறும் விற்க வேண்டிய பொருள் வேறாக இருக்கட்டும். நான் மூன்றாம் ஆண்டில்தான் இதை உணர்ந்தேன். அதுவரை, தைப்பதற்கு எனக்கு எது மகிழ்ச்சியோ அதையே விற்க முயன்றுகொண்டிருந்தேன்.

எடுத்துக்காட்டாக, வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையின் மூலையில் ஓர் எழுத்தும் இரண்டு இலையும் தைப்பதற்கு எனக்கு 35 நிமிடம் ஆகிறது. மூன்று கைக்குட்டைகள் கொண்ட ஒரு பெட்டியை 450 ரூபாய்க்கு விற்கிறேன். துணி, நூல், உறை, பெட்டி எல்லாம் சேர்த்து 135 ரூபாய். தைப்பதற்கும் கட்டுவதற்கும் ஆகும் மொத்த நேரம் 2 மணி 10 நிமிடம். மணிக்கு 145 ரூபாய் நிற்கிறது. பார்வைக்கு எளிய பொருள்தான். யாரும் அதைப் படமெடுத்துப் பாராட்டுவதில்லை. என் வீட்டின் மின்கட்டணத்தைக் கட்டுவது என்னவோ அந்தக் கைக்குட்டைதான். அதையும் ஒவ்வொன்றாகத் தைக்காமல், பத்துத் துணிகளில் ஒரே நாளில் வரைந்து, முதலில் எல்லாவற்றுக்கும் காம்பு, பிறகு எல்லாவற்றுக்கும் இலை என்று செய்தால் நூல் மாற்றும் நேரம் மிச்சமாகும்.

பெயர் தைக்கும் வேலைக்குப் பாதித்தொகையை முன்பணமாக வாங்குங்கள். பெயரையும் நாளையும் வாட்ஸ்அப்பில் அவர்களே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும்; தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளவே கூடாது. ‘தர்ஷினி’ என்று இருக்க வேண்டியதை ‘தர்சினி’ என்று தைத்து, ஒன்பது மணி நேர வேலையை நான் பிரித்தெடுத்த கதை ஒன்று உண்டு. பிரித்த துணியில் ஊசித்துளைகள் தெரிந்ததால் அதையும் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாகத்தான் தைத்தேன்.

பொருளின் தரத்தில் புதியவர்கள் இடறும் இடம் நூலின் சாயம். ஆறிழை கொண்ட எட்டு மீட்டர்ச் சிட்டம் என்ற அளவில் கிடைக்கும் நல்ல நிறுவன நூல்களில் சிக்கல் குறைவு. ஆனால் சிவப்பு, மெரூன், கருநீலம் ஆகியவற்றை எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. ஒரு துண்டு நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்கிடையில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் அந்த நூலை விற்பனைப் பொருளில் பயன்படுத்தாதீர்கள். பருத்தித் துணியைத் தைப்பதற்கு முன்பே ஒருமுறை துவைத்து உலர்த்துவதும் கட்டாயம். இல்லாவிட்டால் வாங்கியவர் முதல்முறை துவைக்கும்போது துணி சுருங்கி, தையல் சுருங்காமல், பூவெல்லாம் புடைத்து நிற்கும். சூடுபட்டால் மறையும் பேனாவால் வரைகிறவராக இருந்தால் இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். அந்த மை அழிவதில்லை, நிறம் மறைகிறது, அவ்வளவே. உறைநிலைக்கும் கீழே நன்றாகக் குளிர்ந்தால் கோடு மீண்டும் தெரியும். கனடாவில் இருக்கும் உறவினருக்குப் பனிக்காலத்தில் அனுப்பும் பொருளுக்கு அது ஆகாது.

அனுப்பும் செலவைப் பொறுத்தவரை, கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, அதற்கும் உண்மை எடைக்கும் எது அதிகமோ அதற்குக் கட்டணம் கேட்பது வழக்கம். 30க்கு 30க்கு 5 என்ற பெட்டியில் வைத்த பெரிய வளையம் 250 கிராம்தான் இருக்கும்; கணக்கில் அது 900 கிராம் ஆகிவிடும். கைக்குட்டைப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப் பிசினஸும் போதும். கேட்பவர் எந்த ஊராக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். தயங்க வேண்டாம்.

மறுமொழி 2 | ஆரிக்காரி

சித்தியின் கணக்கு சரியானது. ஆனால் இணையம்தான் வழி என்பதை நான் ஏற்கவில்லை. நானும் இரண்டு ஆண்டுகள் இணையத்தில் விற்றேன். ஒரு நாளில் பாதி, ‘விலை என்ன’ என்று கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்களுக்குப் பதில் எழுதுவதிலேயே கழிந்தது. இப்போது அதை நிறுத்திவிட்டு எங்கள் ஊரிலேயே ரவிக்கைக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை) செய்து தருகிறேன். துணியை அவர்களே கொண்டுவருகிறார்கள். கழுத்துக்கும் கைக்கும் என்ன வேலைப்பாடு என்று எதிரில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். முகூர்த்தத்திற்கு முந்தின வாரம் பணத்தைக் கொடுத்து வாங்கிச் செல்கிறார்கள். பெட்டியும் அஞ்சலும் படமெடுப்பதும் எதுவும் இல்லை. 

கையூசித் தையல் தெரிந்தவருக்கு ஆரி ஊசி பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். படியெடுக்கும் முறையும் எளிது. டிரேசிங் தாளில் வரைந்த கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணியில் தேய்த்தால் போதும். ஒரே தாளை இருபது ரவிக்கைக்குப் பயன்படுத்தலாம்.

இணையத்தில்தான் விற்பேன் என்றால் ஓர் எச்சரிக்கை. இராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, பேரம் பேசாமல் மொத்தமாக இருபது உருப்படி கேட்டு, பணம் அனுப்ப க்யூஆர் குறியீடு ஒன்றை உங்களுக்கே அனுப்பி அதை ஸ்கேன் செய்யச் சொல்பவர் வந்தே தீருவார். பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண்ணை உள்ளிட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. அந்த எண்ணைக் கேட்கிறது என்றால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று பொருள். பணம் அனுப்பிவிட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகே பொதியைக் கட்டுங்கள்.

மறுமொழி 3 | தஞ்சைக் கணக்கர்

சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். மறுமொழி 1-இல் ‘எந்த ஊராக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள்’ என்று இருப்பதைக் கண்டதும் எழுதத் தோன்றியது. சித்தி பொறுத்தருள வேண்டும்.

தமிழ்நாட்டில் பொருள் மட்டுமே விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் (மொத்த விற்பனைத் தொகை) 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு தேவை என்பது எல்லாரும் அறிந்த விதி. மாநிலத்துக்குள் விற்கும்வரை அது பொருந்தும். மாநில எல்லையைத் தாண்டி வரிக்குரிய பொருளை விற்றால், விற்பது ஒரே ஒரு கைக்குட்டையாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்பதே சட்டத்தின் பொது நிலை. உங்களுக்கு இருவர் இரு விதமாகச் சொன்னதற்குக் காரணம், அந்தப் பொது நிலைக்குக் கைவினைப் பொருட்களுக்கென்று ஒரு விலக்கு இருப்பதுதான். சில இயந்திரங்களைப் பயன்படுத்தியிருந்தாலும் பெரும்பகுதி கையால் செய்யப்பட்டதாக இருந்து, அந்த விலக்கை அளிக்கும் அரசு அறிவிக்கையின் பட்டியலில் உள்ள பொருளாகவும் இருந்தால், 20 லட்சம் ரூபாய் வரை பதிவின்றியே வெளி மாநிலத்துக்கு விற்கலாம். ஆனால் பான் எண் இருக்க வேண்டும். பொருளின் மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மின்வழிச் சீட்டு (சரக்கை அனுப்புவதற்கான இ-வே பில்) எடுக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் அந்தச் சீட்டு என்று பழகியவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையைத் தவறவிட்டுவிடுகிறார்கள். உங்கள் பொருட்கள் ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்பதை, முதல் வெளிமாநிலப் பொதிக்கு முன்பே உங்கள் ஊர்க் கணக்காயர் ஒருவரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணினி எம்பிராய்டரி இயந்திரத்தில் தைத்து வாங்கிய பொருளை இடையில் சேர்த்தால் விலக்கு போய்விடும்.

சொந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விற்றுப் பணத்தை நேரே யூபிஐ வழியாகப் பெறுவது வேறு; பெரிய விற்பனைத் தளங்களில் கடை திறப்பது வேறு. அத்தகைய தளங்களில் விற்க 2023 அக்டோபர் 1 வரை எல்லாருக்கும் ஜிஎஸ்டி எண் கட்டாயமாக இருந்தது. அன்று முதல், உச்சவரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர்கள் பதிவுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் பெற்றுக்கொண்டு, தம் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்க அனுமதிக்கப்படுகிறார்கள். எனவே என் ஆலோசனை, முதல் ஆண்டு முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்பது. ஏழு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள்; ஒருவர் கையால் தைப்பதை வாங்க அது போதாதா?

ஆரிக்காரி அம்மையார் செய்வது சட்டத்தின் பார்வையில் பொருள் விற்பனை அன்று, சேவை. வாடிக்கையாளரின் துணியில் வேலை செய்து கூலி வாங்குவதற்கு உச்சவரம்பு 40 லட்சம் இல்லை, 20 லட்சம். இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களுக்கும் 20 லட்சம்தான் கணக்கு.

வருமான வரிக்காக, வங்கியில் இதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வீட்டுச் செலவோடு கலக்காமல் வைத்திருங்கள். ஊக வருமான முறையைத் தேர்ந்தால் வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 விழுக்காட்டையும், ரொக்கத்தில் 8 விழுக்காட்டையும் வருமானமாகக் காட்டினால் போதும். நூலுக்கும் துணிக்கும் ரசீது அடுக்கி வைக்கும் தொல்லை இல்லை. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆதார் எண்ணைக் கொண்டு இலவசமாகச் செய்யக்கூடியது. அதற்கு 1,500, 2,000 என்று கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசின் தளம் அன்று. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்கும்போது உதவும்.

வெளிநாட்டு விற்பனையை இப்போது நினைக்க வேண்டாம். அதற்கு 500 ரூபாய் கட்டி இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெற வேண்டும். எட்சி (Etsy) போன்ற வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், விற்றால் 6.5 விழுக்காடு, அதன்மேல் பணம் கைமாற்றும் கட்டணம் என்று போகும். அமெரிக்காவோ, 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கிவிட்டது. கைக்குட்டை வாங்கியவர் வீட்டு வாசலில் வரி கட்ட வேண்டியிருந்தால் மறுமுறை வாங்கமாட்டார்.

மறுமொழி 4 | குன்னூர்ச் சாரல்

மூன்றாவது கேள்வியை எவரும் தொடாததால் எழுதுகிறேன். நான் தோடர் சமூகத்தைச் சேர்ந்தவள் இல்லை. நீலகிரியில் வளர்ந்தவள், அவர்களிடமிருந்து போர்வைகள் வாங்குகிறவள்.

தோடர் பூவேலைப்பாடு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரையிட்டு நீங்கள் தைத்த பையை விற்றால் அது சட்டப்படி தவறு. ‘தோடர் பாணி’ என்று ஒரு சொல்லைச் சேர்ப்பதாலும் பழி நீங்கிவிடாது. சென்னையிலுள்ள பதிவகத்தில் முறைப்படி பதிந்த உரிமையாளரும் அங்கீகாரம் பெற்ற பயனாளர்களுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். பெயர் போடாமல் வடிவத்தை மட்டும் தைத்தால் என்ன என்று கேட்கலாம். புவிசார் குறியீடு முதன்மையாகக் காப்பது பெயரையும் அது சுட்டும் இடத்தையும்தான் என்பது உண்மையே. இருந்தாலும் நான் உங்களை அதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில், வளையமோ சட்டமோ இல்லாமல், முன்கூட்டி எதையும் வரையாமல், இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் அந்தப் பெண்கள் தைக்கிறார்கள். பூத்துக்குளி என்னும் அந்தப் போர்வை அவர்கள் சடங்குகளில் உடுத்தும் உடை. வேலைப்பாடு நெய்தது போலத் தோன்றும் அளவுக்கு நெருக்கமானது. ஒரு போர்வையை முடிக்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகிறது. மொத்தச் சமூகமே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தாம். மேட்டித் துணியில் அதன் சாயலை ஒரே நாளில் தைத்து 700 ரூபாய்க்குப் பை விற்பவர் ஒருவர் அடிவாரத்தில் இருந்தால், ஊட்டியில் அசலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் சுற்றுலா வந்தவர் என்ன விலை பேசுவார்? ஏற்கெனவே இயந்திரத்தில் தைத்த போலிகள் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

இழை எண்ணித் தைக்கும் திறன் உங்களிடம் இருக்கிறது. அதை வைத்து உங்கள் வீட்டு வாசலில் போடும் கோலத்தைத் தையுங்களேன். புள்ளி வைத்து இழுக்கும் நேர்கோட்டுக் கோலங்கள், கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணிக்கு நன்றாகப் பொருந்தும். நான் ஒருமுறை பார்த்த கோலப் பையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தைத்தால் முதல் பை எனக்கு.

கேட்டவரின் பதில் | ஊசிநூல்

சித்தி, அக்காமார், கணக்கர் ஐயா எல்லாருக்கும் நன்றி. 25 ரூபாய் என்ற எண்ணைப் பார்த்தபின் சிறிது நேரம் ஊசியைத் தொடவில்லை. கேட்டிருந்த நால்வருக்கும் 1,500 ரூபாய் என்று சொன்னேன். மூவர் பிறகு சொல்கிறோம் என்றார்கள். ஒருவர் சரி என்று சொல்லி 750 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டார். மூன்று பேரை இழந்தும் எனக்கு வருத்தம் தோன்றாதது வியப்பாக இருக்கிறது.

சாரல் அக்கா எழுதியதைப் படித்ததும், தைத்து வைத்திருந்த இரண்டு தோடர் சாயல் பைகளை வீட்டு உபயோகத்துக்கே எடுத்துக்கொண்டேன். அவற்றை விற்பதில்லை. கோலத்தை நேற்று முயன்றேன். ஏழு புள்ளியில் ஒரு நேர்கோட்டுக் கோலம் 1 மணி 50 நிமிடத்தில் முடிந்தது. சிக்குக்கோலத்தின் வளைவுகள் மட்டும் மேட்டித் துணியில் படிக்கட்டு போல உடைந்து தெரிகின்றன.

ஆரி வேலையைக் கற்பேன், ஆனால் இப்போது அல்ல. எதிரில் உட்கார்ந்து பேரம் பேசுவதற்கு இன்னும் துணிவு வரவில்லை. மாநிலத்துக்குள் மட்டும் விற்பது என்பதை ஏற்றுக்கொண்டேன். கைக்குட்டையோடு வேறு என்ன வைக்கலாம், எத்தனை செய்து வைத்துக்கொண்டு தொடங்கலாம் என்று மட்டும் சித்தி சொல்ல வேண்டும்.

மறுமொழி 5 | சேலத்துச் சித்தி

கணக்கர் ஐயா திருத்தியதை ஏற்கிறேன். நானும் பெங்களூருக்கு அனுப்பியவள்தான். என் கணக்காயரிடம் இந்த வாரமே கேட்கப் போகிறேன்.

சிக்குக்கோலத்தை மேட்டித் துணியில் முயலாமல், சாதாரணக் காடா துணியில் வரைந்து சங்கிலித் தையலில் போடுங்கள். வளைவு ஒழுங்காக வரும். அதையே மஞ்சள் நிறப் பையில், வெள்ளை நூலால், ஓரத்தில் சிறியதாக ஒரே ஒரு கோலம் என்று வையுங்கள். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கிய பிறகு, திருமணத்திலும் வளைகாப்பிலும் தாம்பூலத்தைத் துணிப்பையில் கொடுப்பதை மக்கள் பெருமையாகவே நினைக்கிறார்கள். ஐந்நூறு பை வேண்டும் என்று கேட்பவரை ஏற்காதீர்கள், கையால் முடியாது. சம்பந்தி வீட்டாருக்கும் நெருங்கிய உறவுக்கும் மட்டும் இருபத்தைந்து பை கேட்பவர்களே உங்கள் வாடிக்கையாளர்கள்.

எத்தனை என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆடியில் திருமணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. மற்றத் தொழில்காரர்கள் ஆடியில் தள்ளுபடி போடுவார்கள்; நமக்கு அது தைத்துச் சேர்க்கும் மாதம். அந்த முப்பது நாளில் கைக்குட்டைப் பெட்டி பன்னிரண்டும் பை முப்பதும் சேர்த்து வைத்தால் ஆவணி முகூர்த்தங்களுக்கும், அடுத்து வரும் நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பரிசுக்கும் பதறாமல் இருக்கலாம். மார்கழியில் தை மாதத்துக்குத் தைக்க வேண்டும். மழைக்காலத்தில் மர வளையங்களில் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

படமெடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை எட்டரை மணி வெளிச்சம், ஜன்னல் ஓரம், வெள்ளை வேட்டி ஒன்று விரிப்பாக. ஒவ்வொரு பொருளின் பின்புறத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். தைக்கத் தெரிந்தவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

துணியைச் சில்லறையில் வாங்காதீர்கள். ஈரோடு ஜவுளிச் சந்தை வாரந்தோறும் திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். முதல்முறை பத்து மீட்டருக்கு மேல் எடுக்காமல், ஒரு மூலையை நனைத்துக் கசக்கிக் கஞ்சி எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். கஞ்சி போனபின் சல்லடையாகும் துணியில் தையல் நிற்காது. சாரல் தங்கைக்குத் தைக்கும் பைக்கு விலை வாங்க மறக்காதீர்கள்.